தரவுத்தள மென்பொருள் உரிமம்: கீ இருந்தும் சர்வர் ஏன் நிற்கிறது, கீ இல்லாமலும் ஏன் ஓடுகிறது?

நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய தரவுத்தள சர்வர், இன்று காலை மறுதொடக்கத்துக்குப் பிறகு எழும்ப மறுக்கிறது. பிழைப் பதிவைத் திறந்தால் ‘மதிப்பீட்டுக் காலம் முடிந்துவிட்டது’ என்ற பொருளில் ஒரு வரி நிற்கிறது. பணம் கட்டி உரிமம் வாங்கிய ரசீது கோப்பில் இருக்கும்போதும் இது நேர்கிறது. வேறோர் அலுவலகத்தில் பணமே கட்டாமல் நிறுவிய மென்பொருள் ஆண்டுக்கணக்கில் எந்தத் தடையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தரவுத்தள மென்பொருளைப் பொறுத்தவரை உரிமம் பெற்றிருப்பதும் மென்பொருள் இயங்குவதும் தனித்தனிச் செய்திகள். இதை விளங்கிக்கொள்ளாமல் பழுதுபார்க்க இறங்குபவர் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் தேடுவார்.

உரிமம், கீ, எடிஷன்

பேச்சுவழக்கில் மூன்றையும் ‘லைசென்ஸ்’ என்றே சொல்லிவிடுகிறோம். பழுதுபார்க்கும்போது அவற்றைப் பிரித்தே பார்க்க வேண்டும்.

1. உரிமம் என்பது ஒப்பந்தம். யார், எத்தனை கோர்களில் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணிக்கும் அலகுகளில்), எந்த நோக்கத்துக்காகப் பயன்படுத்தலாம் என்பதை அது சொல்கிறது. அது காகிதத்திலோ விற்பனையாளரின் இணையக் கணக்கிலோ இருக்கும். சர்வருக்குள் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

2. கீ என்பது நிறுவும்போது கொடுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த தொடர், அல்லது ஒரு சிறு உரிமக் கோப்பு. எந்த வகைச் சரக்கு வாங்கப்பட்டது என்பதை மென்பொருளுக்கு அறிவிப்பது மட்டுமே அதன் வேலை.

3. எடிஷன் என்பது கீயைப் படித்த பிறகு மென்பொருள் தனக்கு வகுத்துக்கொள்ளும் எல்லை. எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், எந்தெந்த வசதிகள் என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகிறது.

‘ஆக்டிவேஷன்’ என்ற சொல் விண்டோஸ், ஆஃபிஸ் வழியாகப் பழகியது. அங்கே கணினி நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு தன்னைப் பதிந்துகொள்கிறது. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் அப்படி ஒரு படியே கிடையாது. நிறுவும் நிரல் கீயை அந்தக் கணினியிலேயே சரிபார்த்து, எடிஷனைத் தீர்மானித்துவிட்டு முடித்துக்கொள்கிறது. எனவே ‘ஆக்டிவேஷன் ஆகவில்லை’ என்று இணைய இணைப்பையும் ஃபயர்வாலையும் நோண்டிக்கொண்டிருப்பது வீண் வேலை.

பூட்டின் இறுக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு

ஒரு முனையில் எஸ்ஏபி நிறுவனத்தின் ஹானா தரவுத்தளம் இருக்கிறது. புதிதாக நிறுவியதும் 90 நாள் தற்காலிக உரிமம் தானாகவே அமைகிறது. நிரந்தர உரிமக் கோப்பு, அந்த நிறுவலின் சிஸ்டம் ஐடியோடும் வன்பொருள் கீயோடும் பிணைந்தது. ஆகவே தரவுத்தளத்தை வேறு கணினிக்கு நகலெடுத்தால் பழைய கோப்பு அங்கே செல்லாது. நிரந்தர உரிமத்தின் காலம் முடிந்தால் 28 நாள் அவகாசம் கிடைக்கும். அதையும் கடந்தால் தரவுத்தளம் பூட்டிக்கொள்ளும். புதிய உரிமத்தை ஏற்றுவதற்கான கட்டளைகளைத் தவிர வேறெதையும் ஏற்காது.

ஐபிஎம்மின் டிபி2-இல் உரிமக் கோப்பைச் சேர்க்கவும் நிலையைப் பார்க்கவும் ‘டிபி2லிக்எம்’ என்ற தனிக் கட்டளை உண்டு. செல்லுபடியாகும் உரிமம் இல்லாதபோது எஸ்க்யூஎல்8029என் என்ற பிழை வரும். காக்ரோச்டிபி 2024 நவம்பரில் வெளியிட்ட 24.3 வெர்ஷன் முதல் வேறொரு வழியைக் கையாள்கிறது. உரிமம் காலாவதியாகி அவகாசமும் தீர்ந்தால் மென்பொருள் நிற்பதில்லை, ஆனால் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பரிவர்த்தனைகள் ஐந்துக்கு மேல் போகாதபடி நெரிக்கப்படுகின்றன. சோதனைச் சூழலில் இது கண்ணில் படவே படாது, கூட்டம் சேரும் வேளையில்தான் தெரியும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் திறந்தமூல மென்பொருள் என்பதால் அதில் கீயும் இல்லை, காலக்கெடுவும் இல்லை.

மறுமுனையில் ஆரக்கிள் நிற்கிறது. அதன் தரவுத்தளத்தை நிறுவும்போது கீ எதுவும் கேட்கப்படுவதில்லை. தனி விலை கொண்ட வசதிகள் பலவும் நிறுவிய உடனேயே பயன்படுத்தத் தயாராக இருக்கும். இப்படித் திறந்து வைப்பதில் உள்ள ஆபத்தைப் பின்னால் பார்ப்போம். இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் இருப்பதும், இங்கே அதிகம் புழங்குவதுமான எஸ்க்யூஎல் சர்வரை முதலில் எடுத்துக்கொள்வோம்.

எஸ்க்யூஎல் சர்வர் தன் உரிமத்தைப் பற்றி என்ன அறிந்திருக்கிறது?

சொல்லப்போனால் எதுவுமில்லை. சர்வரின் பண்புகளைக் கேட்கும் ‘சர்வர்பிராப்பர்ட்டி’ செயற்கூறிடம் ‘லைசென்ஸ்டைப்’ என்று கேட்டால் எப்போதும் ‘டிசேபிள்டு’ என்றே விடை வரும். அதைப் பார்த்துவிட்டு உரிமம் முடக்கப்பட்டதாகப் பதறுபவர்கள் உண்டு. உரிம விவரத்தை மென்பொருள் சேமித்து வைப்பதில்லை என்பதே அந்த விடைக்குப் பொருள். கேட்க வேண்டிய பண்பு ‘எடிஷன்’. அதன் விடையில் ‘எவால்யுவேஷன்’ (குறிப்பிட்ட காலம் மட்டும் ஓடும் மதிப்பீட்டு எடிஷன்) என்ற சொல் இருந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம்.

லினக்ஸில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அமைவு நிரல் ஒரு பட்டியலைக் காட்டும்: எவால்யுவேஷன், டெவலப்பர், எக்ஸ்பிரஸ் ஆகியவை இலவசம்; ஸ்டாண்டர்ட், என்டர்பிரைஸ் போன்றவற்றுக்கு எதிரே ‘விலைக்குரியது’ என்ற குறிப்பு. விலைக்குரிய எடிஷனின் எண்ணைத் தட்டினால் போதும், கீ இல்லாமலே அது நிறுவப்பட்டுவிடும். கீயை உள்ளிடுவதற்கான தேர்வு, சில்லறை விற்பனையில் வாங்கியவர்களுக்காகப் பட்டியலின் கடைசிப் பகுதியில் தனியாக இருக்கிறது. ஆக அங்கே எண்ணைத் தட்டுவது தேர்வு மட்டுமே. உரிமை ஒப்பந்தத்திலிருந்துதான் வருகிறது.

டெவலப்பர் எடிஷனில் நேரும் பிழையும் இந்த வகைதான். 2016 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அதை இலவசமாக்கியது. என்டர்பிரைஸின் எல்லா வசதிகளும் அதில் உண்டு, காலக்கெடு கிடையாது. ஆனால் உருவாக்கத்துக்கும் சோதனைக்கும் மட்டுமே அனுமதி. வாடிக்கையாளருக்குப் பில் போடும் சர்வரில் அதை ஓட்டினால் மென்பொருள் எதிர்க்காது, ஒப்பந்தம் எதிர்க்கும்.

180 நாள் முடிந்த சர்வரை மீட்பது

எவால்யுவேஷன் எடிஷன் நிறுவிய நாளிலிருந்து 180 நாள் ஓடும். முடிந்த பிறகு சேவை தொடங்காது; விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 17051 என்ற பிழை எண் இருக்கும். சேவை ஓடும்போதே மீதி நாளைக் கணக்கிட விரும்பினால், நிறுவும்போது தானாக உருவாகும் விண்டோஸ் ‘சிஸ்டம்’ கணக்கின் உள்நுழைவு எந்தத் தேதியில் உருவானது என்று பார்த்து, அதனோடு 180-ஐக் கூட்டுவது டிபிஏக்களின் (தரவுத்தள நிர்வாகிகளின்) வழக்கம்.

காலம் முடிந்துவிட்டது என்றால் வேலையின் வரிசை இதுதான்:

1. எதையும் அன்இன்ஸ்டால் செய்யக்கூடாது. தரவுக் கோப்புகளும், மாற்றங்களைப் பதியும் லாக் கோப்புகளும் வட்டில் அப்படியே இருக்கின்றன. நின்றிருப்பது அவற்றைத் திறக்கும் சேவை மட்டும்தான். சேவை நின்றிருப்பதால் அந்தக் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுப்பதும் எளிது. முதல் வேலை அதுவே.

2. பிழைப் பதிவுக் கோப்பின் தொடக்க வரிகளில் வெர்ஷனும் எடிஷனும் எழுதப்பட்டிருக்கும். வாங்கிய கீ அதே வெர்ஷனுக்கு உரியதா என்று அங்கே ஒப்பிட வேண்டும். 2022-க்கான கீயை 2019-இல் கொடுத்தால் ஏற்காது.

3. ‘இன்ஸ்டலேஷன் சென்டர்’ திரையில் ‘மெயின்டெனன்ஸ்’ பகுதிக்குள் ‘எடிஷன் அப்கிரேடு’ என்ற தேர்வு உண்டு. கீயைக் கொடுக்க வேண்டிய இடம் அதுதான். தரவுத்தளங்கள், உள்நுழைவுகள், ஜாப்கள் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) எல்லாம் இருந்தபடியே இருக்கும்; சேவை ஒருமுறை நின்று எழும்.

4. இந்தப் படியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். மேம்படுத்துவதற்கு முன் நிறுவும் நிரல், தரவுத்தள சேவை நலமாக ஓடுகிறதா என்று ஒரு விதியைச் சோதிக்கும். காலாவதியான சேவை ஓடாது. ஓடாததால் விதி தோற்கும். விதி தோற்றதால் கீயைக் கொடுக்க முடியாது. இந்தச் சுழலை உடைக்க, நிறுவும் நிரலைக் கட்டளை வரியில் இயக்கி, ‘ஸ்கிப்ரூல்ஸ்’ என்ற அளவுருவின் மூலம் அந்த ஒரு நலச்சோதனை விதியை மட்டும் தாண்டச் சொல்ல வேண்டும்.

5. அதுவும் தோற்றால், அதே வெர்ஷனில் உரிமமுள்ள எடிஷனைப் புதிய இன்ஸ்டன்ஸாக (தனியே ஓடும் இன்னொரு நிறுவலாக) நிறுவி, நகலெடுத்த கோப்புகளை அதனோடு இணைக்கலாம். ஆனால் உள்நுழைவுகள் ‘மாஸ்டர்’ தரவுத்தளத்திலும் ஜாப்கள் ‘எம்எஸ்டிபி’யிலும் இருப்பவை, பயனர் தரவுத்தளத்தை மட்டும் இணைத்தால் அவை வராது.

சிஸ்டம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி சேவையை எழுப்பும் தந்திரம் பரவலாகச் சொல்லப்படுகிறது. உற்பத்திச் சர்வரில் அதைச் செய்வதைக் குறுக்குவழி என்றுகூடச் சொல்ல மாட்டேன். டொமைனில் (அலுவலகத்தின் விண்டோஸ் வலைப்பின்னலில்) உள்ள கணினிகளின் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினாலே, அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பராஸ் முறையின் உள்நுழைவு தோற்கத் தொடங்கும். பில்களிலும் பேக்கப்களிலும் பதியும் தேதிகள் குழம்பும். அந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய ஆகும் செலவுக்கு உரிமம் வாங்கிவிடலாம்.

மேம்படுத்தும் பாதை எல்லாத் திசையிலும் திறந்ததல்ல. எவால்யுவேஷனிலிருந்தும் டெவலப்பரிலிருந்தும் விலைக்குரிய எடிஷன்களுக்குப் போகலாம். எக்ஸ்பிரஸிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு ஏறலாம். என்டர்பிரைஸிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு இறங்க இந்த வழி கிடையாது. மறுபடி நிறுவத்தான் வேண்டும். கிளஸ்டரில் (ஒன்று நின்றால் மற்றது எடுத்துக்கொள்ளும் சர்வர் கூட்டத்தில்) நிறுவிய எவால்யுவேஷனுக்கும் இந்த மேம்படுத்தல் ஆதரிக்கப்படவில்லை என்பதைச் சோதனைக்காகக் கிளஸ்டர் அமைப்பவர்கள் முதலிலேயே அறிந்திருப்பது நல்லது.

எவால்யுவேஷனிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு வரும்போது இன்னொரு தடையும் வரலாம். எவால்யுவேஷன் என்பது என்டர்பிரைஸின் முழு வசதிகளோடு வருவது. ஆறு மாதத்தில் யாரேனும் ஒருவர் தரவுச் சுருக்கத்தையோ அட்டவணைப் பிரிப்பையோ போட்டிருப்பார். 2016 வெர்ஷனின் முதல் சர்வீஸ் பேக்குக்கு முந்தைய ஸ்டாண்டர்டில் அந்தத் தரவுத்தளம் திறக்கவே திறக்காது. சுருக்கம்தான் காரணம் என்றால் 909 என்ற பிழை வரும். எடிஷனோடு பிணைந்த வசதிகள் ஒரு தரவுத்தளத்தில் உள்ளனவா என்பதைச் சொல்லவே ஒரு சிஸ்டம் வியூ (வினவிப் பார்க்கக்கூடிய தகவல் பட்டியல்) இருக்கிறது. ‘பெர்சிஸ்டெட் எஸ்கேயூ ஃபீச்சர்ஸ்’ என்ற சொற்களை அதன் பெயரில் காணலாம். நகர்த்துவதற்கு முன் அதை ஒருமுறை வினவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

கீ எங்கே?

வால்யூம் லைசென்ஸ் (நிறுவனங்களுக்கான மொத்த உரிம) முறையில் வாங்கிய நிறுவனங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. அந்த முறையில் பதிவிறக்கும் ஐஎஸ்ஓ கோப்பிலேயே (நிறுவல் வட்டின் முழு நகலிலேயே) கீ பொதிந்திருக்கும். நிறுவும்போது கீ கேட்கும் பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருப்பதைக் காணலாம். மின்னஞ்சலில் தனியாக வந்திருக்கும் என்று தேடிப் பயனில்லை. எவால்யுவேஷனை மேம்படுத்த வேண்டுமானால், அந்த ஐஎஸ்ஓவைத் திறந்து நிறுவும் நிரலை இயக்கி, கீ பக்கம் வரை சென்று நகலெடுத்துக்கொள்ளலாம். அல்லது அதற்குள் இருக்கும் ‘டிஃபால்ட்செட்டப்’ என்ற அமைவுக் கோப்பை நோட்பேடில் திறந்தால் ‘பிஐடி’ என்ற வரியில் கீ இருக்கும். நிறுவல் பாதியில் தோற்றால் ‘செட்டப் பூட்ஸ்டிராப்’ கோப்புறைக்குள் ‘லாக்’ என்பதில் இருக்கும் ‘சம்மரி’ உரைக் கோப்பே முதலில் படிக்க வேண்டியது. திரையில் வரும் பொதுவான பிழைச் செய்தியைவிட அது தெளிவாகப் பேசும்.

ஓடுகிறது, ஆனால் முழு வேகத்தில் அல்ல

உரிமச் சிக்கல் எப்போதும் பிழைச் செய்தியாகவே வரும் என்றில்லை. 16 கோர் கொண்ட பிராசசர்கள் இரண்டுள்ள சர்வரை எண்ணிக்கொள்வோம். ஒவ்வொரு கோரையும் இரண்டாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங்கோடு 64 லாஜிக்கல் பிராசசர்கள். என்டர்பிரைஸை நிறுவி ஓட்டிய பிறகு, பிழைப் பதிவின் தொடக்கத்தில் ‘2 சாக்கெட், சாக்கெட்டுக்கு 16 கோர், மொத்தம் 64 லாஜிக்கல் பிராசசர், உரிமத்தின்படி 40 பயன்படுத்தப்படுகின்றன’ என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. ‘இது தகவலுக்கு மட்டும், நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை’ என்ற வாசகமும் அதன் கடைசியில் உண்டு. செய்ய வேண்டியது இருக்கிறது: 12 கோர்கள் சும்மா கிடக்கின்றன.

காரணம், என்டர்பிரைஸ் இரண்டு வகையாக வருகிறது. சர்வருக்கும் அதை அணுகும் பயனருக்கும் தனித்தனியாக உரிமம் பெறும் பழைய வகை 20 கோருக்கு மேல் பயன்படுத்தாது. கோர் கணக்கில் வாங்கும் வகைக்கு அந்த வரம்பு இல்லை. பதிவிறக்கப் பட்டியலில் இரண்டின் பெயர்களும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றில் மட்டும் ‘கோர்’ என்ற சொல் கூடுதலாக இருக்கும். கோர் உரிமம் வாங்கியவர்கள் தவறிப்போய் மற்றதை நிறுவிவிடுகிறார்கள். சரியான கீயைக் கொண்டு எடிஷன் அப்கிரேடு செய்தால் எடிஷன் பெயருடன் ‘கோர்-பேஸ்டு லைசென்சிங்’ என்ற தொடர் சேர்ந்து, மீதிக் கோர்களும் வேலைக்கு வரும்.

ஸ்டாண்டர்டில் இதே நோய்க்கு வேறு காரணம். 2016 முதல் 2022 வரையான வெர்ஷன்களில் அது 4 சாக்கெட் (பிராசசர் பொருந்தும் இடம்) அல்லது 24 கோர், இரண்டில் எது குறைவோ அதுவரை பயன்படுத்தும். மெய்நிகர்க் கணினியில் 16 பிராசசர் ஒதுக்கும்போது, அவை சாக்கெட்டுக்கு ஒரு கோர் வீதம் 16 சாக்கெட்டாக அமைந்துவிட்டால், ஸ்டாண்டர்ட் நான்கை மட்டுமே எடுத்துக்கொள்ளும். கணினியை நிறுத்தி 2 சாக்கெட், சாக்கெட்டுக்கு 8 கோர் என்று மாற்றியமைத்தால் பதினாறும் கிடைக்கும். ஒரு ரூபாய் செலவில்லை. ‘டிஎம் ஓஎஸ் ஷெட்யூலர்ஸ்’ வியூவில் ‘விசிபிள் ஆஃப்லைன்’ (இருந்தும் பயன்படுத்தப்படாதவை) என்ற நிலையில் வரிகள் இருந்தால் இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எக்ஸ்பிரஸின் எல்லை சிறு கடைகளையும் மருத்துவமனைகளையும் தொடுவது. பில்லிங் மென்பொருளோடு சேர்ந்தே அது நிறுவப்படுவதால், தம்மிடம் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. 2022 வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி. 2025 வெர்ஷனில்தான் அது 50 ஜிபி ஆகியது. எல்லையை எட்டியதும் 1827 என்ற பிழையில் ‘உரிமம் பெற்ற அளவு 10240 எம்பி’ என்று வரும். உரிமம் என்ற சொல்லைக் கண்டு கீயைத் தேட வேண்டாம். லாக் கோப்பு இந்தக் கணக்கில் சேராது என்பதால் அதைச் சுருக்கியும் பயனில்லை. பழைய ஆண்டுகளின் பதிவுகளை வேறு தரவுத்தளத்துக்கு நகர்த்துவது, வெர்ஷனை உயர்த்துவது, ஸ்டாண்டர்டுக்கு ஏறுவது என மூன்று வழிகள்தான் உண்டு.

ஒரே சர்வர், இரண்டு கணக்கு

மேற்சொன்ன 32 கோர் சர்வருக்கு எஸ்க்யூஎல் சர்வரில் எத்தனை உரிமம்? கோர் உரிமங்கள் இரண்டிரண்டாகக் கட்டி விற்கப்படுவதால் 16 கட்டுகள். பிராசசர் ஒன்றுக்குக் குறைந்தது 4 கோர் என்ற விதி உண்டு. மெய்நிகர்க் கணினிக்கும் அதே குறைந்தபட்சம் பொருந்துவதால், 2 பிராசசர் மட்டும் கொண்ட சிறு மெய்நிகர்க் கணினிக்கும் 4 வாங்க வேண்டும். பயனர் எண்ணிக்கைக் கணக்கில் வாங்குபவர்கள் செய்யும் பிழை வேறு: இணையச் செயலி ஒரே உள்நுழைவில் தரவுத்தளத்தோடு பேசினாலும், அதன் பின்னால் 200 பேர் இருந்தால் 200 பேருக்கும் அணுகல் உரிமம் தேவை. நடுவில் செயலி இருப்பதால் எண்ணிக்கை குறையாது.

அதே சர்வரில் ஆரக்கிள் என்டர்பிரைஸ் என்றால் கணக்கு மாறும். கோர்களின் எண்ணிக்கையை, பிராசசர் வகைக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். இன்டெல் எக்ஸ்86 வகைக்கு அது 0.5. ஆக 16 பிராசசர் உரிமங்கள். பெயர்சுட்டிய பயனர் கணக்கில் வாங்கினால் பிராசசர் ஒன்றுக்குக் குறைந்தது 25, அதாவது 400 பயனர்கள். அலுவலகத்தில் 60 பேரே இருந்தாலும் 400தான்.

ஆரக்கிளில் பழுது தெரிவதே இல்லை என்பதுதான் சிக்கல். செயல்திறன் அறிக்கையான ‘ஏடபிள்யூஆர்’ தனி விலை கொண்ட டயக்னாஸ்டிக்ஸ் பேக்கின் பகுதி. ஆனால் என்டர்பிரைஸில் அதைக் கட்டுப்படுத்தும் அளவுரு திறந்த நிலையிலேயே வருகிறது. மெதுவாக ஓடும் வினவலைச் சரிசெய்ய நள்ளிரவில் ஒரு டிபிஏ அந்த அறிக்கையை எடுத்தால், எச்சரிக்கை எதுவும் வராது. பயன்பாடு மட்டும் ‘டிபிஏ ஃபீச்சர் யூசேஜ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்ற வியூவில் முதலில் பயன்படுத்திய நாள், கடைசியாகப் பயன்படுத்திய நாள் என்று பதிவாகும். தணிக்கையின்போது கேட்கப்படுவது இந்தப் பதிவுதான். எனவே ஆரக்கிளில் ‘உரிமத்தைச் செயல்படுத்துவது’ என்பதே தலைகீழான வேலை: வாங்காத பேக்குகளுக்கான ‘கன்ட்ரோல் மேனேஜ்மென்ட் பேக் ஆக்சஸ்’ அளவுருவை நிறுவிய அன்றே ‘நன்’ என்று மாற்றி வைப்பது, தேவையற்ற விருப்ப வசதிகளை ‘சாப்ட்’ கருவியால் அணைத்து வைப்பது. விற்பவர் திறந்து வைத்ததை வாங்குபவர் மூட வேண்டியிருப்பது நியாயமா என்பது வேறு விவாதம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு அது உதவாது.

ஆதரவு முடிவதும் உரிமம் முடிவதும்

எஸ்க்யூஎல் சர்வர் 2016-க்கான நீட்டித்த ஆதரவின் கடைசி நாள் 2026 ஜூலை 14. இதையொட்டி எழும் அச்சம், அன்றோடு சர்வர் நின்றுவிடுமோ என்பது. நிற்காது. நிரந்தர உரிமமாக வாங்கியது நிரந்தரமே. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது மட்டுமே நிற்கிறது, அவற்றையும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்வரை தனித் திட்டத்தில் பெறலாம். சந்தா முறையில் வாங்கியிருந்தால் கதை வேறு. சந்தா முடியும் நாளில் பயன்படுத்தும் உரிமையும் முடியும், சர்வர் தொடர்ந்து ஓடினாலும்.

வெர்ஷன் மாறும்போது உரிமம் ஒரு திசையில் மட்டுமே நெகிழும். வால்யூம் லைசென்ஸில் 2022 வாங்கியவர், செயலி ஒத்துவராத காரணத்தால் 2019-ஐயே ஓட்டலாம்; அதற்கு 2019-இன் ஐஎஸ்ஓவும் கீயும் வேண்டும், 2022-இன் கீ அங்கே நுழையாது. 2016 வாங்கியவர் 2022-க்கு ஏற வேண்டுமானால், புதிய வெர்ஷன் வெளியானபோது மென்பொருள் காப்புத் திட்டமான ‘சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ்’ அவரிடம் நடப்பில் இருந்திருக்க வேண்டும். இல்லையேல் புதிதாகத்தான் வாங்க வேண்டும். மாற்றுச் சர்வரை உரிமமின்றித் தயார்நிலையில் வைத்திருக்கும் உரிமையும் அதே திட்டத்தோடு வருவது என்பதால், செலவைக் குறைக்க அதைப் புதுப்பிக்காமல் விட்ட நிறுவனங்கள், தங்கள் இரண்டாம் சர்வருக்கும் தனி உரிமம் தேவைப்படுகிறதா என்பதைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.